கெங்கம்மாள் வரவில்லை

ஜூலை 1, செவ்வாய்

இன்று எனக்குக் கடைசி எச்சரிக்கை கிடைத்தது. இதற்கு முன் கிடைத்த ஐந்தும் கடைசி எச்சரிக்கைகள்தான். ஆனால் இந்த ஆறாவது கடைசி, எழுத்தில் வந்திருக்கிறது. அடியில் அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது.

குற்றம் இதுதான். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது என் முறை. நாளிதழில் இருந்ததை வாசிக்காமல் சொந்தமாகத் தயாரித்தேன். "மாணவியர் கழிவறைத் தாழ்ப்பாள் மூன்றாவது ஆண்டாகத் தலைமறைவு. தேடுதல் பணி இன்னும் தொடங்கவில்லை. கணக்கு வாத்தியார் இன்று பள்ளிக்கு வரக்கூடும் என வானிலை மையம் தெரிவிக்கிறது." அறுநூறு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியர் எட்டியப்பன். மற்றவர் அன்று பார்த்து வந்திருந்த கணக்கு வாத்தியார்.

எட்டியப்பன் சாரை நாங்கள் தலையாட்டு ஆசிரியர் என்போம். தாளாளர் கிழக்கு என்றால் கிழக்கே ஆட்டுவார். திரும்பி மேற்கு என்றால் கழுத்து சுளுக்காமல் மேற்கேயும் ஆட்டுவார். அந்தத் தலை இன்று என்னைப் பார்த்து ஆடவில்லை.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு பண்ணு கௌதமி, டி.சி.யைக் கையில குடுத்துடுவேன்."

அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் சொன்னாள்.

"பிளஸ் ஒன்னு நடுவுல எந்த ஸ்கூல்லடி உன்னச் சேத்துப்பாங்க? எங்க கம்பெனிலதான் சேத்துப்பாங்க. என் பக்கத்து மிஷின் காலியாத்தான் கீது."

அனுப்பினால் அனுப்பட்டும். இந்தப் பள்ளியை விட்டுப் போக நான் எப்போதோ தயார்.

தண்டனை: பதினெட்டாம் தேதி நூற்றாண்டு விழா வரைக்கும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் படியெடுக்க வேண்டும். கூடவே நாட்குறிப்பு எழுதி சாரிடம் காட்ட வேண்டும். எழுதினால் புத்தி வருமாம்.

ஜூலை 2, புதன்

சாருக்கான நோட்டில் எழுதியது: காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். நல்லொழுக்கத்தைப் பற்றிச் சிந்தித்தேன்.

எனக்கென்று வைத்திருக்கும் இந்த நோட்டுக்கு: பல் துலக்கியது உண்மை.

ஜூலை 3, வியாழன்

எங்கள் ஊரான கல்லேரிப்பட்டில் ஒரே களேபரம். பள்ளிக்கு வெள்ளையடிக்கிறார்கள். வெளிச்சுவருக்கு மட்டும். உள்சுவரை விருந்தினர் பார்க்கப் போவதில்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் பார்வையில் சேராது.

பள்ளியின் முழுப்பெயர் ஆதிதிராவிட ஞானோதய மேல்நிலைப் பள்ளி. அழைப்பிதழில் வெறும் 'ஞானோதயம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பாதி எங்கே போனது என்று கேட்டதற்கு, "இடம் பத்தல" என்றார் விழாக் குழுச் செயலர். விருந்தினருக்கு முன்னால் ஆறு பட்டம் போட மட்டும் இடம் தாராளமாக இருந்தது. விழாக் குழு என்றால் விழாமல் பார்த்துக்கொள்ளும் குழு போலிருக்கிறது.

நூற்றாண்டு மலரின் அச்சுப் படியைச் சரிபார்க்கச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். மூன்றாம் பக்கம் வரலாறு. நூறு வருடத்துக்கு முன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் சேரிப் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பிய முனிரத்தினம் மேஸ்திரி, நமக்கு நாமே கட்டிக்கொள்வோம் என்று மேட்டுப் புறம்போக்கில் கூரை போட்டார். ராகவேலு வாத்தியாரைக் கூட்டிவந்தார். முதல் நாள் பத்தொன்பது பிள்ளைகள். இதுவரை சரி. இதற்குப் பிறகுதான் பன்னீர்ச் செம்பு கவிழ்கிறது. மேட்டுக்குப் போக ஒரே வழி பெரிய வீட்டு வயல் வரப்பு. "பெரிய வீட்டு ரங்கபதி ஐயா கல்விக் கண்ணைத் திறக்கத் தம் நிலத்தையே திறந்துவிட்டார். வழி தந்த வள்ளல்!" என்று மலர் மணக்கிறது.

அந்த வள்ளலின் பேரன் கஜபதிதான் சிறப்பு விருந்தினர். கலையரங்கம் கட்டித் தருகிறேன் என்று வாய் மலர்ந்திருக்கிறார். அதனால்தான் மலரில் அவ்வளவு மணம்.

இந்த மலரைப் பெற்றெடுத்தவர் தாளாளர் பொன்னுரங்கம். முனிரத்தினம் மேஸ்திரியின் பேரன். தாளையும் ஆள்வார், ஆளையும் தாளிப்பார்.

ஜூலை 4, வெள்ளி

முதல் சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவிலிருந்து எடுத்தேன். ஒரு பக்கத்தைத் திருப்பினால் அரைப் பக்கம் கையோடு வருகிறது. எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த தேதி ஜூலை ஒன்று. ஒரே நாளில் ஒரு சேரியே பிரசவித்திருக்கிறது. எவருக்கும் பிறந்த தேதி தெரியாததால் வாத்தியார் வாரி வழங்கியிருக்கிறார். எங்கள் ஊரின் உண்மையான வள்ளல் அவர்தான்.

இந்தப் பதிவேட்டை வைத்து எங்கள் பள்ளியில் ஒரு சடங்கு உண்டு. ஆண்டுதோறும் நிறுவனர் நாளில் பிளஸ் ஒன் பிள்ளை ஒருவர் மேடையேறி முதல் மாணவர்கள் பத்தொன்பது பேரின் பெயரையும் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் இப்போது படிக்கும் பிள்ளை ஒன்று எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லும். ஏன் என்று யாரைக் கேட்டாலும் "அது வழக்கம்" என்பார்கள். எட்டாம் வகுப்பில் நான் வீராசாமிக்காக எழுந்து, தொண்டையை இறுக்கி எழுபது வயதுக் கிழவர் குரலில் "உள்ளேன்" என்றேன். இரண்டாவது கடைசி எச்சரிக்கை அப்படி வந்ததுதான்.

பெயர்களைப் படியெடுத்து முடித்து எண்ணினால் இருபது வருகிறது. கணக்கு வாத்தியாரிடம் படித்த பாவம் என்று மறுபடி எண்ணினேன். இருபதுதான். ஒன்பதாவதாக ஒரு பெயர். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

கெங்கம்மாள். வயது 8. த/பெ. சின்னான், கோலார்.

ஓரத்தில் 'நீக்கம்' என்று ஒரே சொல்.

ஜூலை 7, திங்கள்

சிவப்புக் கோடு யாருக்கு வேண்டும்? ஆனால் வேறு வேலை இல்லாததால் ராகவேலு வாத்தியாரின் தினக் குறிப்பேட்டையும் எடுத்தேன். மனிதர் சொல்லுக்குக் கஞ்சன். கோடு போட்ட பக்கங்களில் இரண்டு வரி, மூன்று வரி. படியெடுத்தவை:

'வரப்பின் தலைப்பில் முள்வேலி. பெரிய வீட்டு ஆட்கள் நிற்கிறார்கள். பிள்ளைகள் ஏரிக்கரை சுற்றி வந்து சேர்ந்தார்கள். பதினொரு மணி.'

'மழை. ஏரிக்கரையும் இல்லை. நான்கு பேர் வந்தார்கள்.'

'ஒருவரும் வரவில்லை. தனியே அமர்ந்திருந்தேன்.'

'பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முனிரத்தினம் மேஸ்திரி முதலாக ஐவர். பெரிய வீட்டில் மாடு பார்க்க ஒரு பிள்ளை கேட்கிறார்களாம். கொடுத்தால் வேலியை எடுப்பார்களாம். சின்னான் கோலாரில் இருக்கிறான். அவனைக் கேட்கவில்லை.'

'வேலி எடுக்கப்பட்டது. கெங்கம்மாள் பெயரை நீக்கினேன்.'

தும்மல் வந்துகொண்டே இருந்தது. பழைய தாளின் தூசி கண்ணுக்கு ஆகாது. அலுவலக உதவியாளர் அக்கா, "ஏன்டி அழுவுற?" என்று கேட்டார். தூசிக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை வைத்துப் பள்ளி நடத்தினால் இப்படித்தான்.

ஜூலை 8, செவ்வாய்

சாருக்கான நோட்டில்: காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன்.

ஜூலை 9, புதன்

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து கொண்டுபோய் எட்டியப்பன் சாரின் மேசையில் வைத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். நேரம் அவ்வளவு ஆனது.

"இத யாருகிட்டயாவது காட்டினியா?"

"இல்ல சார்."

"மூடி வை."

"மலர்ல தப்பா போட்டுக்கீது சார். வழி தந்த வள்ளல்னு."

"மூடி வைன்னு சொன்னேன்ல?"

மூடி வைத்தேன். தலை ஆடியது. எந்தத் திசையில் ஆடியது என்றுதான் புரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

வரப்பு இப்போது தார்ச்சாலை. இருந்தாலும் காலையில் ஏரிக்கரை சுற்றிப் பள்ளிக்குப் போனேன். சாலையில் ஒரே சேறு என்பதால்தான். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகிறது. எட்டு வயசுக் காலுக்கு இன்னும் அதிகம் ஆகும்.

தாமதமாக வந்ததற்கு வாசலில் நிற்க வைத்தார்கள். பிரமிளா பார்த்துவிட்டு வந்தாள். அவள் என் வகுப்பு, என் பக்கத்து வீடு, என் எல்லாக் குற்றங்களுக்கும் சாட்சி.

"சாலைல எங்கடி சேறு? மழ பேஞ்சே மாசமாச்சு."

"உன் கண்ணுக்குத் தெரியாது. அது அறிவாளிங்களுக்கு மட்டும் தெரியுற சேறு."

ஜூலை 11, வெள்ளி

குறிப்பேட்டின் மீதியையும் படித்தேன். கெங்கம்மாள் பெயரை நீக்கிய மறுநாள் ராகவேலு வாத்தியார் எழுதியிருப்பது:

'வருகை எடுத்தேன். நீக்கிய பெயரையும் கூப்பிட்டேன். பிள்ளைகள் திகைத்தார்கள். வரவில்லை என்று குறித்தேன்.'

அதற்கு மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். ஒரு பக்கத்தில்: 'மேஸ்திரி வந்து, அடித்த பெயரை ஏன் கூப்பிடுகிறீர் என்றார். பள்ளியில் சேர்ந்த பிள்ளையைக் கூப்பிடுவது என் வேலை என்றேன். மேஸ்திரி எழுந்து போய்விட்டார்.'

பதினொரு வருடம் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளைகள் பெரியவர்களாகிப் போன பிறகும், ஆண்டுக்கு ஒரு நாள், பள்ளி தொடங்கிய தேதியில், முதல் பதிவேட்டை எடுத்து அத்தனை பெயரையும் கூப்பிடுவாராம். வந்தவர்கள் 'உள்ளேன் ஐயா' சொல்வார்களாம். கெங்கம்மாள் பெயருக்கு மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாராம்.

அதுதான் எங்கள் சடங்கு. வழக்கம் வழக்கம் என்கிறார்களே, அந்த வழக்கம். அவளுக்காக ஆரம்பித்தது. வாத்தியாருக்குப் பின் வந்தவர்கள், அடித்த பெயரை எதற்கு வாசிப்பது என்று விட்டிருப்பார்கள். யாருக்காகக் கூப்பிட ஆரம்பித்தாரோ அவளை மட்டும் கூப்பிடாமல், மற்ற பத்தொன்பது பேரையும் ஒழுங்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், வருடா வருடம், சுண்டல் வினியோகத்தோடு.

இந்த மாதிரி ஒரு குளறுபடியை நான் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

ஜூலை 14, திங்கள்

ஒத்திகை. நான் பெயர் வாசிக்க வேண்டுமாம். "உன் தொண்டைக்கு மைக்கே வேணாம்" என்று எட்டியப்பன் சார்தான் என்னைச் சொன்னார். வேறு பிள்ளையே கிடைக்கவில்லையா என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

தாளாளர் தட்டச்சு செய்த பட்டியலை நீட்டினார். பத்தொன்பது பெயர்.

"சார், ஒரு பேரு விட்டுப்போச்சு."

"எந்தப் பேரு?"

"கெங்கம்மாள்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அது அடிச்ச பேரு."

அடித்த பெயர் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அடிக்கச் சொன்னது யாருன்னும் குறிப்பேட்டுல போட்டுக்கீது சார்."

"தெரியும்." கதவைப் பார்த்தார். வெளியே நடனப் பயிற்சிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "ஊரு மொத்தமும் படிக்கணும்னா ஒருத்தரு விட்டுக்குடுக்கணும்னு அன்னிக்கு நெனச்சாங்க. வேற வழி இல்ல. எங்க தாத்தா அந்த ராத்திரியெல்லாம் தூங்கினாரா இல்லையா, உனுக்குத் தெரியுமா?"

"விட்டுக்குடுத்தது அவுரு பிள்ளையவா சார்?"

பாட்டு நின்றது. இந்தச் சமயம் பார்த்தா நிற்க வேண்டும்?

"நீ படிக்கிற, உங்கம்மா படிச்சா, நான் படிச்சேன். எல்லாம் அந்த வழில நடந்துதான். இந்தக் கலையரங்கமும் அந்த வழிலதான் வருது. பட்டியல்ல இருக்கறத வாசி. ஒரு எழுத்து கூடுதலா வாசிச்ச, அன்னிக்கே உன் டி.சி. தயாரா இருக்கும்."

நான் தலையாட்டினேன். தொற்றுநோய்தான் அது.

ஜூலை 15, செவ்வாய்

பிரமிளா, நான் ரெண்டு நாளாக யாரையும் கிண்டல் பண்ணவில்லை என்று எங்கள் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். அம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள்.

ஜூலை 16, புதன்

மலர் அச்சாகி வந்துவிட்டது. அறுநூறு பிரதி. வள்ளல் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் நிற்கிறார். பதினோராம் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது: 'பதிவேட்டுப் படியெடுப்பு உதவி: செல்வி கௌதமி.' பொய்க்கு உதவி செய்ததற்கு அச்சில் நன்றி. மகிழ்ச்சி.

ஜூலை 17, வியாழன்

அம்மா சீருடையை இரண்டு முறை தேய்த்தாள். அவள் பிளஸ் டூ படித்ததும் இதே பள்ளி. அவளுக்கு நாளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீ மைக்ல பேசறத யாராவது போன்ல புடிச்சி அனுப்பச் சொல்லுடி. கம்பெனில காட்டணும்" என்றாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பட்டியலில் இருப்பதை வாசிக்கப் போகிறேன், அவ்வளவுதான். ஒரு டி.சி.க்கு எதிரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவள் எப்போதோ செத்திருப்பாள். அவளுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்குத்தான் பக்கத்து மிஷின்.

மாலையில் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது எட்டியப்பன் சார் கூப்பிட்டார். முதல் பதிவேட்டைப் பட்டுத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"மேடைல இத வச்சுக்கோ. பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"சார், பட்டியல்..."

"பதிவேட்டுல உள்ளபடி வாசி."

சொல்லிவிட்டு வெள்ளையடிப்பவரை அதட்டப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஒழுங்காக எழுதுகிறேன். யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

பத்து மணி விழா பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. பிள்ளைகளைப் பத்திலிருந்தே வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்கு மட்டும் பந்தல். கஜபதிக்கு மாலை போட வரிசை நின்றது; அவர் முகம் தெரியாத அளவுக்கு மாலை விழுந்த பிறகு நாற்காலியில் மாலைகளே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு மாலைக்கும் எழுந்து கும்பிட்டார். பேசும்போது சொன்னார்:

"எங்க தாத்தா அன்னிக்கு இந்தப் பிள்ளைகளுக்கு வழி விடலேன்னா இன்னிக்கு இந்தப் பள்ளி இல்லேன்னு பெரியவங்க சொல்லும்போது, எனக்குக் கண்ணு கலங்குது."

தாளாளர் கைதட்டினார். எட்டியப்பன் சார் தட்டினாரா என்று பார்த்தேன். அவர் குனிந்து மைக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பிறகு பெயர் அழைப்பு. பதில் சொல்லும் பிள்ளைகள் பத்தொன்பது பேர் முன்வரிசையில். ஒவ்வொருவருக்கும் கஜபதி கையால் ஒரு பேனா. நான் பதிவேட்டைத் திறந்தேன். தட்டச்சுப் பட்டியல் உள்ளே இருந்தது. எட்டுப் பெயர் வாசித்தேன். எட்டு 'உள்ளேன் ஐயா.' ஒன்பதாவது இடத்தில் சிவப்புக் கோடு. தாண்டினேன். ஆமாம், தாண்டினேன். எழுதி வைக்கிறேன், ஒளிக்கவில்லை. பத்து, பதினொன்று என்று மீதி அத்தனையும் வாசித்து முடித்தேன். தாளாளர் எழுந்து நன்றியுரைக்காரருக்குச் சைகை காட்டினார். மைக் நடுங்கிக்கொண்டிருந்தது. பழைய மைக். நான் பிடித்திருந்ததால் என்று சொல்ல முடியாது.

"கெங்கம்மாள். தந்தை பெயர் சின்னான்."

யாரும் எழவில்லை. எழ யாரும் இல்லை.

"கெங்கம்மாள்."

தாளாளர் சைகை காட்டிய கையோடு அப்படியே நின்றார். பின் வரிசையில் பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது முறை. வாத்தியார் போட்ட முறை, நான் போட்டது இல்லை.

"கெங்கம்மாள்."

காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பந்தல் துணி படபடக்கும் சத்தம் கேட்டது.

"கெங்கம்மாள் வரவில்லை" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினேன்.

அதோடு இறங்கியிருப்பேன். சத்தியமாக. கஜபதிதான் சிரித்தபடி பக்கத்து மைக்கை இழுத்தார். "யாரும்மா அந்தப் பொண்ணு? இவ்ளோ முக்கியமான நாள்ல லீவு போட்டுட்டு எங்க போச்சு?"

"உங்க தாத்தா வீட்ல மாடு பாக்கப் போனா சார். அவ போனப்புறந்தான் உங்க தாத்தா வேலிய எடுத்தாரு. நூறு வருஷம் ஆச்சு. இன்னும் திருப்பி அனுப்பல."

ஆறாம் வகுப்புப் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. கௌதமி மைக் பிடித்தால் சிரிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதுவும் பாதியில் நின்றது. நான் சொல்லி யாரும் சிரிக்காதது இதுவே முதல் தடவை.

கஜபதி தாளாளரைப் பார்த்தார். "இது நிஜமாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மைக் அணைக்காமல் இருந்ததால் அறுநூறு பேரும் கேட்டோம். தாளாளர் குனிந்துகொண்டார். கஜபதி கழுத்திலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசை மேல் வைத்தார். சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

நாட்டுப் பண் பாடினோம். சுருதி சேரவில்லை.

ஜூலை 19, சனி

அம்மாவுக்குப் போனில் வீடியோ வந்துவிட்டது. கம்பெனியில் யாரிடமும் காட்டவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. குழம்பு வைத்தாள், சாப்பிட்டோம். கை கழுவும்போது, "அந்தப் பக்கத்த நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பாத்திரத்தை விளக்கிக் கவிழ்த்தாள்.

ஜூலை 21, திங்கள்

தாளாளர் அறை. டி.சி. படிவம் மேசையில் தயாராக இருந்தது, என் பெயர் எழுதி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது தலைமையாசிரியர் போட வேண்டியது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"கலையரங்கம் போச்சு. அப்புறம் பாக்கலாம்னு போன் வந்துடுச்சு. உங்க பொண்ணு எங்க தாத்தா பேரையும் சேத்துச் சேத்துல எறக்கிட்டா" என்றார் தாளாளர்.

நான் மேடையில் மேஸ்திரி பெயரைச் சொல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை அழுத்தினாள்.

"சார், நான் படிச்சவ இல்ல. இங்க படிச்சேன், அவ்ளோதான். எம்பொண்ணு பொய் சொன்னாளா? அத மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லியிருந்தா நானே கூட்டிகினு போயிடறேன்."

தாளாளர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எட்டியப்பன் சாரிடம் பேனாவைத் தள்ளினார். "கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர்ல பேர அடிச்சுடுங்க."

சார் பேனாவை எடுத்தார். எடுத்து மூடியைத் திருகி மூடினார்.

"பதிவேட்டுல உள்ளபடி வாசின்னு சொன்னது நான்தான் சார்."

"எட்டியப்பன்!"

"அந்தப் பெரிய வீட்டுக்காக நம்ம ரிஜிஸ்தர்ல ஒரு பொண்ணு பேர அடிச்சது போதும். இன்னொண்ணு என் கையால முடியாது. என்னை வேணும்னா மாத்திக்குங்க."

பேனாவை மேசையில் வைத்தார். தலை ஆடவில்லை.

தாளாளர் படிவத்தைக் கிழிக்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மையெல்லாம் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கணக்குப் பாடம். வாத்தியார் வந்திருந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

காலை வணக்கம் வெயிலில். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். "உன்னாலதான்டி. கலையரங்கம் வந்திருந்தா நெழல்ல நின்னிருப்போம்" என்று பிளஸ் டூ அக்காக்கள் முறைத்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கலையரங்கம் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் பிள்ளைகளே படிப்பை முடித்திருப்பார்கள் என்றேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. தொழில் படுத்துவிட்டது.

மலரை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டுக் கட்டாக அலுவலகத்தில் கிடக்கிறது.

ஜூலை 24, வியாழன்

சாப்பாட்டுக்குப் பிறகு எட்டியப்பன் சார் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு, ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை. மலரின் மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அறுநூறு.

"தண்டன முடிஞ்சுதுன்னு நெனச்சேன் சார்."

"அது தண்டன. இது வேல."

சீட்டை எடுத்துப் படித்தேன்.

பிழை திருத்தம்

பக்கம் 3, வரி 6: 'முதல் மாணவர் பத்தொன்பது பேர்' என்பதை 'இருபது பேர்' எனத் திருத்திப் படிக்கவும்.

பக்கம் 3, வரி 14: 'வழி தந்த வள்ளல்' என்பதை 'எட்டு வயதுப் பிள்ளை கெங்கம்மாளை வேலைக்குப் பெற்றுக்கொண்டு வேலியை எடுத்தவர்' எனத் திருத்திப் படிக்கவும்.

அச்சுப் பிழைகளுக்கு வருந்துகிறோம்.

"அச்சுப் பிழையா சார் இது?"

"அப்படிப் போட்டாத்தான் தாளாளர் கையெழுத்துப் போடுவாருன்னு நெனச்சேன். நேத்து சாயந்தரம் வீட்டுக்கு எடுத்துகினு போய்க் குடுத்தேன்."

"போட்டாரா?"

சார் அச்சகத்துக்குப் போய் வந்த மூலப்படியை எடுத்துக் காட்டினார். கீழே கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, தட்டச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில், நீல மையில், தாளாளரின் கையெழுத்தில் இன்னொரு வரி நெருக்கி எழுதப்பட்டிருந்தது. கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அதுவும் அச்சாகியிருந்தது.

பக்கம் 4, வரி 2: 'நிறுவனர் முனிரத்தினம் எந்த மிரட்டலுக்கும் பணியாதவர்' என்னும் வரியை நீக்கவும்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். இவ்வளவு பெரிய மனிதர் கையில் இவ்வளவு சின்ன எழுத்து என்று ஒரு வரி தோன்றியது. சொல்லவில்லை.

"இருபக்கமும் அச்சாகியிருக்கே சார், பசை தடவினா பின்பக்கம் மறைஞ்சு போயிடும்."

"மேல் ஓரத்துல மட்டும் தடவு. தூக்கிப் பாத்தா தெரியட்டும்."

மேல் ஓரத்தில் மட்டும் தடவினேன். பிரமிளாவும் வந்து உட்கார்ந்தாள். நான்கு மணிக்குள் இருநூற்றுப் பதினேழு ஆயிற்று. மீதி நாளைக்கு.